அம்மா பஜ்ஜி சுட்ட மழைக்காலம்

எங்கள் வீட்டில் தினமும் சாயங்காலம் எண்ணெய்ச் சட்டி ஏறிய மழைக்காலம் ஒன்று உண்டு. அப்போது எனக்கு ஒன்பது வயது. அந்தச் சில வாரங்களில் இருந்த மாதிரி நான் அதற்குப் பிறகு சந்தோஷமாக இருந்ததே இல்லை. இதை வெளியில் சொன்னால் இவள் என்ன பெண் என்று கேட்பார்கள். விஷயம் முழுக்கத் தெரிந்த சொந்தக்காரர்களிடமோ சொல்லவே முடியாது. ஆனாலும் உண்மை அதுதான், என்ன செய்வது.

திருவொற்றியூரில் விம்கோ நகர் ரயில்வே கேட்டைத் தாண்டி, ஒரே ஓட்டுக் கூரையின் கீழ் வரிசையாகக் குடித்தனங்கள் இருந்த ஒரு சந்தில் கடைசி வீடு எங்களுடையது. ஒரு அறை, அதன் மூலையில் சமையல். நைனா காசிமேட்டிலிருந்து மீன்பிடி லாஞ்சில் கடலுக்குப் போகிறவர். லாஞ்ச் வேறு யாருடையதோ; இவர் வலை இழுக்கிற ஆள். போனால் பத்து நாளாவது ஆகும். திரும்பி வரும்போது டீசல் வாடை முதலில் வீட்டுக்குள் நுழையும், பின்னால் அவர் நுழைவார். நான்கு வயதுத் தம்பி, இது யார் புது ஆள் என்று பயந்து அம்மாவின் புடவைக்குள் போய் ஒளிந்துகொள்வான். அவனைச் சமாதானப்படுத்தி மடியில் உட்கார வைப்பதற்குள் நைனாவுக்கு அடுத்த பயணத்துக்கான நாள் நெருங்கிவிடும்.

எங்கள் வீட்டில் தினமும் வஞ்சிரமும் வவ்வால் மீனும்தான் என்று பள்ளிக்கூடத்தில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் நைனா கரையேறிய நாளில் எங்கள் வீட்டில் மீன் வாசனையே வரக்கூடாது. "இத்தினி நாளா அது மூஞ்சியத்தான் பாத்துகினு வரேன், வூட்லயும் அதேவா" என்பார். அவருக்கு வேண்டியது வாழைக்காய் பஜ்ஜி. லாஞ்ச் வரும் நாளைக் கணக்குப் போட்டு அம்மா முதல் நாளே காய் வாங்கி வைத்துவிடுவாள்.

அம்மா மாவு கரைப்பதைப் பார்த்தால் யார் மேலோ கோபமாக இருக்கிறாள் என்று தோன்றும். கடலை மாவு, அதில் ஒரு பிடி அரிசி மாவு, மிளகாய்த்தூள், உப்பு, பெருங்காயம், சிட்டிகை சோடா எல்லாம் சேர்த்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, கட்டியில்லாமல் அடித்து அடித்துக் கரைப்பாள். கடைசியில் சட்டியில் காய்ந்துகொண்டிருக்கும் எண்ணெயையே ஒரு கரண்டி மொண்டு மாவில் ஊற்றுவாள். அது சொர்ரென்று அடங்கும். அப்படிச் செய்தால் பஜ்ஜி ஆறினாலும் துவளாதாம். வாழைக்காயின் தோலை முழுசாக எடுக்கமாட்டாள். அங்கங்கே பச்சை தெரிய விட்டு, நீளவாட்டில் மெல்லிசாகச் சீவுவாள். எண்ணெய்க்குள் ஒரு சொட்டு மாவு விடுவாள். அது அடியில் போய் உட்கார்ந்துகொண்டால் இன்னும் காயவில்லை, விழுந்ததும் கருத்தால் காய்ச்சல் அதிகம். கீழே போன வேகத்தில் மேலே வந்தால்தான் முதல் பஜ்ஜி உள்ளே இறங்கும். இவ்வளவுக்கும் எங்களுடையது பம்ப் அடிக்கிற மண்ணெண்ணெய் ஸ்டவ். தீயைக் கூட்டவும் குறைக்கவும் அம்மாவைத் தவிர யார் பேச்சையும் அது கேட்காது.

அந்த வருஷம் அடைமழையும் நோன்பு மாதமும் சேர்ந்து வந்தன. புயல் என்றார்கள். அது ஆந்திரா பக்கம் போய்விட்டதால் எங்களுக்குப் பள்ளிக்கூடம் ஒரு நாள்தான் லீவு. எனக்கு அதில் ரொம்ப வருத்தம்.

நைனா வர வேண்டிய நாளில் அம்மா பஜ்ஜி சுட்டாள். அவர் வரவில்லை. மழையில் லாஞ்ச் தாமதமாகும்தான் என்று மறுநாளும் சுட்டாள். அவரோடு கடலுக்குப் போன மற்ற லாஞ்சுகள் ஒவ்வொன்றாகக் கரை திரும்பின. நைனா போன லாஞ்ச் மட்டும் வரவில்லை. வயர்லெஸ்ஸில் கூப்பிட்டால் பதில் இல்லை என்றார்கள். அம்மா தினமும் காலையில் எங்களை எதிர்வீட்டுப் பாயம்மாவிடம் விட்டுவிட்டு, டோல்கேட் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து காசிமேட்டுக்கு நடந்து போவாள். அங்கே அவளைப் போலவே இன்னும் சில பெண்கள் வந்து நிற்பார்களாம். மதியத்துக்கு மேல் அம்மா திரும்பி வரும்போது கையில் ஒரு பையில் வாழைக்காயோ வெங்காயமோ இருக்கும்.

ஒரு நாள் எண்ணூரிலிருந்து அத்தை வந்தாள். நைனாவுக்கு அக்கா. தாய் இல்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். சந்து முனையிலேயே தலைமுடியை அவிழ்த்துவிட்டு, மாரில் அடித்துக்கொண்டு, பாட்டெடுத்து அழுதபடிதான் வந்தாள். வரிசை வீட்டுப் பெண்கள் எல்லோரும் வெளியே வந்து நின்றார்கள். சிலர் அவளோடு சேர்ந்து அழவும் தயாரானார்கள். அம்மா வாசலுக்கு வந்து அத்தையின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். ஸ்டவ்வுக்குப் பம்ப் அடித்தாள், பற்ற வைத்தாள், எண்ணெய்ச் சட்டியைத் தூக்கி மேலே வைத்தாள். வெங்காயம் நறுக்கி, உப்பைப் போட்டுக் கையால் பிசைந்து, அது விட்ட தண்ணீரிலேயே மாவைப் பிசிறி, பக்கோடாவை உதிர்த்துப் போட்டாள்.

"சாவு வூட்ல எவளாவது எண்ணை சட்டி வெப்பாளா அண்ணி? நான் வெச்சிகினு கீறேன் பாரு. நல்லா பாத்துக்கோ. பாத்துட்டு அப்பால அழு."

அத்தை அழுகையை நிறுத்திவிட்டுச் சட்டியைப் பார்த்தாள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அவள் முகத்தில் இருந்தது பயம். எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டில் காரியம் முடியும் வரைக்கும் எண்ணெய்ச் சட்டி ஏற்றமாட்டார்கள். எதையும் பொரிக்கமாட்டார்கள், அப்பளம்கூடக் கிடையாது. துக்க வீட்டிலிருந்து பொரிக்கிற வாசனை வந்தால் அதைவிடப் பெரிய அவச்சொல் இல்லை. அத்தை ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் எண்ணூருக்குத் திரும்பிப் போனாள்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது நான் அம்மாவிடம் கேட்டேன். செத்த வீட்டில் சட்டி வைக்கமாட்டார்களா என்று.

"வெக்க மாட்டாங்க."

"நம்ம வூட்ல வெச்சோமே?"

"அப்ப இன்னா அர்த்தம்? நீயே சொல்லு."

"நம்ம வூட்ல யாரும் சாவல."

"அவ்ளோதான். துன்னுட்டுப் படு."

அதற்குப் பிறகு எனக்கு ஒரு கவலையும் இல்லை. தினம் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வருவேன். சந்து முனையில் திரும்பும்போதே எங்கள் வீட்டு எண்ணெய் வாசனை வரும். சரி, நைனாவுக்கு இன்றைக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்துக்கொண்டு ஓடுவேன். ஒரு நாள் மிளகாய் பஜ்ஜி, மறுநாள் கீரை வடை. பட்டாணிப் பருப்பை ஊற வைத்துக் கரகரவென்று அரைத்து, சோம்பும் பட்டையும் தட்டிப் போட்டு மசால் வடை. வாழைக்காய் கிடைக்காத நாளில் பிரட்டை முக்கோணமாக வெட்டி மாவில் முக்கி எடுப்பாள். கடை ஒன்று வைத்திருந்தால்கூட அவ்வளவு தினுசு போட்டிருக்கமாட்டாள். இதற்கெல்லாம் காசு எங்கிருந்து வந்தது என்று நான் யோசிக்கவில்லை. ஒரு நாள் அம்மாவின் காதில் கம்மலுக்குப் பதில் துடைப்பக் குச்சி இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அடுத்த வடையை எடுத்தேன்.

முதல் ஈடு எடுத்ததும் அம்மா தட்டில் போட்டு, வரிசையில் எல்லா வீட்டுக்கும் கொடுத்துவிட்டு வரச் சொல்வாள். முதலில் சும்மா வாங்கிக்கொண்டார்கள். பிறகு ஒருத்திக்கு வயிறு சரியில்லை. இன்னொருத்திக்கு விரதம். மூன்றாவது வீட்டில் டாக்டர் எண்ணெய்ப் பலகாரம் கூடாது என்று சொல்லிவிட்டாராம். பார்க்கப் பார்க்க எங்கள் சந்து முழுக்க நோயாளிகள் ஆகிவிட்டார்கள். தட்டு நிரம்பியபடியே திரும்பி வந்தது. எனக்கும் தம்பிக்கும் கொண்டாட்டம்.

பாயம்மா ஒருத்திதான் கடைசி வரைக்கும் வாங்கிக்கொண்டவள். அவள் கணவர் வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். தட்டை என் கையிலிருந்து இரண்டு கையாலும் வாங்கி, தண்ணீர்ச் சொம்புக்குப் பக்கத்தில் பத்திரமாக மூடி வைப்பாள். காலித் தட்டு எங்கள் வீட்டுக்குத் திரும்பியதே கிடையாது. ஒரு கிண்ணத்தில் நோன்புக் கஞ்சி ஊற்றித்தான் அனுப்புவாள். "ஒங்க வூட்டு பஜ்ஜி வெச்சித்தான் நோம்பு தொறக்கறேன்னு ஒங்கம்மா கிட்ட சொல்லும்மா" என்பாள். நான் வந்து சொல்லுவேன். அம்மா அடுத்த ஈடு போடுவாள். சில நாள் இரண்டு வீட்டுச் சட்டியும் ஒரே நேரத்தில் இரையும்.

வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் பெண் ஒரு நாள், "உங்க நைனா செத்துட்டாராமே, எங்கம்மா சொல்லிச்சு" என்றாள். நான் சண்டைக்குப் போகவில்லை. டிபன் டப்பாவைத் திறந்து காட்டினேன். முதல் நாள் பக்கோடா. "செத்திருந்தா எங்கம்மா இத எப்டி போடும்?" அவள் பக்கோடாவைப் பார்த்தாள். அவர்கள் வீட்டிலும் சாவு விழுந்திருக்கிறது, அவளுக்கும் விதி தெரியும். "அட, ஆமால்ல" என்று சொல்லிவிட்டு இரண்டை எடுத்துத் தின்றாள். மத்தியானத்துக்குள் என் நைனா உயிரோடு இருப்பது வகுப்பு முழுவதும் தெரிந்துவிட்டது.

அத்தை நடுவில் இரண்டொரு தடவை வந்தாள். உள்ளே வரமாட்டாள். பாயம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு, எங்கள் வீட்டைப் பார்த்துப் பேசுவாள். "என் தம்பி தலைக்கு ஒரு சொம்பு தண்ணி ஊத்த விடமாட்றாளே. அவன் நடுக்கடல்ல அலைஞ்சிகினு கீறான், இவ வடை சுட்டுகினு கீறா." அம்மா கேட்காத மாதிரி வடையைத் திருப்பிப் போடுவாள். அத்தையை அப்போது எனக்குப் பிடிக்காது. தம்பியைக் கொன்றே தீருவேன் என்று ஒரு அக்கா அலைகிறாளே என்று நினைத்துக்கொள்வேன். இப்போது யோசித்தால் அவளை நினைத்துத்தான் முதலில் அழுகை வருகிறது. அழ வந்த இடத்தில் அழக்கூட விடாத வீடு எங்கள் வீடு.

நோன்பு மாதம் முடிகிற சமயத்தில் ஒரு சாயங்காலம் வாசலில் ஒருவர் வந்து நின்றார். நைனாவோடு அதே லாஞ்சில் போன சின்ன வயது அண்ணன். மீன் பெட்டியில் ஐஸ் போடுகிற வேலை. முகம் கருத்து, உதடெல்லாம் வெடித்து, ஆளே பாதியாக இருந்தார். ஏதோ சரக்குக் கப்பல்காரர்கள் அவரைத் தண்ணீரிலிருந்து தூக்கி, எங்கேயோ தூரத்துத் துறைமுகத்தில் இறக்கிவிட்டார்களாம். அங்கே ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வருகிறார். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்றைக்கு அவரைப் பார்த்ததும் நான் அவருக்குப் பின்னால் சந்துப் பக்கம் பார்த்தேன். நைனா மெதுவாக வருவார், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு.

அம்மா எழுந்திருக்கவில்லை. சட்டியில் நான்கு பஜ்ஜி வெந்துகொண்டிருந்தன. "வா தம்பி, உக்காரு" என்றாள். எங்கே அவர், என்ன ஆயிற்று என்று எதுவும் கேட்கவில்லை. தட்டில் சுடச்சுட வைத்து அவர் முன்னால் தள்ளினாள். "மொதல்ல துன்னு. அப்பால பேசலாம்."

அவர் ஒரு பஜ்ஜியைக் கையில் எடுத்தார். அது கையைச் சுட்டிருக்கும். கீழே வைக்கவும் இல்லை, வாயில் போடவும் இல்லை.

"அக்கா" என்றார். "சட்டிய எறக்கிடுக்கா."

அம்மா ஜல்லிக்கரண்டியால் பஜ்ஜிகளைத் திருப்பிவிட்டாள். "இந்த ஈடு வெந்துடட்டும்" என்றாள்.

"வேணாங்க்கா. எறக்கிடு."

அப்போதுதான் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கைத்துணியை எடுத்து, சட்டியின் இரண்டு காதையும் பிடித்துத் தூக்கி, தரையில் வைத்தாள். பஜ்ஜிகள் பாதி வேக்காட்டில் எண்ணெய்க்குள்ளேயே கிடந்தன. சட்டியின் இரைச்சல் மெல்லக் குறைந்து நின்றது. ஸ்டவ் மட்டும் வெறும் தீயாக எரிந்துகொண்டிருந்தது. அதை அணைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கடைசியில் பாயம்மா வந்துதான் ஸ்டவ்வின் காற்றைத் திறந்துவிட்டு அணைத்தாள்.

எனக்கு அந்த அண்ணன் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அதுவரைக்கும் எங்கள் வீட்டில் எல்லாம் சரியாகத்தானே இருந்தது? இவர் வந்தார், சட்டியை இறக்கச் சொன்னார், அம்மா இறக்கினாள், உடனே எல்லோரும் நைனா செத்துவிட்டார் என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். சட்டி அடுப்பில் இருந்தவரைக்கும் சாகாதவர், அதை இறக்கியதால்தானே செத்தார்?

வீடு துக்க வீடாகிவிட்டது. அத்தை வந்தாள், இந்தத் தடவை அவளை யாரும் தடுக்கவில்லை. ஆசை தீர அழுதாள். பாயம்மா வீட்டில் பெருநாள் வந்தது. எங்களுக்காக அவர்களும் எதையும் பொரிக்காமல், சேமியா மட்டும் காய்ச்சிக் கொடுத்தார்கள். அம்மா சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். அழுகிற பெண்கள் நடுவில் அழாமல் இருந்தவள் அவள் மட்டும்தான். நான் அவளிடம் போய், சட்டி வைம்மா, சட்டி வை என்று கெஞ்சுவேன். அவள் என்னைப் பார்ப்பாள், பிறகு சுவரைப் பார்ப்பாள்.

"அப்பன் போயி மூணு நாளு ஆவல, இதுக்கு பஜ்ஜி கேக்குது பாரு நாக்கு" என்று அத்தை என் முதுகில் ஒன்று வைத்தாள். அப்புறம் அவளே என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். எனக்குப் பஜ்ஜி வேண்டாம் அத்தை என்று சொல்லத் தெரியவில்லை. எனக்குச் சட்டிதான் வேண்டியிருந்தது.

பதினாறாம் நாள் கடற்கரையில் காரியம் நடந்தது. நைனாவின் சட்டை ஒன்றை வைத்துச் செய்தார்கள். நாங்கள் வீடு திரும்பியபோது வியாசர்பாடியிலிருந்து மாமா, அம்மாவின் அண்ணன், வந்து காத்திருந்தார். கையில் ஒரு எண்ணெய் டின், ஒரு தூக்கு நிறைய உளுந்து மாவு. துக்கம் முடிகிற அன்று பெண்ணின் பிறந்த வீட்டார் வந்துதான் எண்ணெய்ச் சட்டி வைக்க வேண்டும். அவர்களே வடை சுட்டு முதல் வடையை அந்தப் பெண்ணுக்குக் கொடுப்பார்கள். அவள் அதைத் தின்றால், போனவர் போனவர்தான் என்று ஒப்புக்கொண்டதாக அர்த்தம். மறுநாளிலிருந்து அந்த வீட்டில் எல்லாம் வழக்கம்போல நடக்கலாம். இது பெரியவர்களுக்கெல்லாம் தெரியும். எனக்கு விதியில் முதல் பாதிதான் தெரியும்.

மாமா ஸ்டவ்வுக்குப் பம்ப் அடித்தார். சட்டியைத் தூக்கி வைத்தார். எண்ணெயை ஊற்றினார். நான் சட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அவர் உள்ளங்கையை ஈரமாக்கி, மாவை உருட்டித் தட்டி, நடுவில் ஓட்டை போட்டு விட்டார். வடை கீழே போய் மேலே வந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தச் சத்தம் கேட்டது.

முதல் வடையை மாமா ஒரு இலைத்துண்டில் வைத்து அம்மாவிடம் நீட்டினார். அம்மா வாயைத் திறக்கவில்லை. "துன்னும்மா" என்றார் மாமா. அத்தை கெஞ்சினாள். வரிசை வீட்டுப் பெண்கள், நோய் எல்லாம் குணமாகி வந்திருந்தவர்கள், ஆளாளுக்கு எடுத்துச் சொன்னார்கள். ரெண்டு கொழந்தை கீது, அதுங்க மூஞ்சியப் பாரு என்றார்கள். அம்மா உதட்டை இறுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மாமா வடையை நீட்டியபடியே இருந்தார்.

இவ்வளவு சுலபமான விஷயம் அம்மாவுக்கு ஏன் புரியவில்லை என்று எனக்குத் தவிப்பாக இருந்தது. கூட்டத்துக்குள் புகுந்து போய், மாமா கையிலிருந்த வடையை வாங்கி, அம்மாவின் காதோடு சொன்னேன்.

"சட்டி வெச்சாச்சும்மா. நீதான சொன்ன. துன்னு, நைனா வந்துடுவாரு."

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். நான் ஒரு துண்டு பிட்டு உள்ளே வைத்தேன். மென்றாள், விழுங்கினாள். மீதியையும் நானே ஊட்டினேன். "பொண்ணு சொன்னாத்தான் கேட்டா" என்று யாரோ சொன்னார்கள். மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டார். அத்தை என் தலையைத் தடவிவிட்டாள். அத்தனை பெரியவர்களால் முடியாததை நான் செய்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

தம்பி வெளியே மழைத் தண்ணீரில் விளையாடிக்கொண்டிருந்தான். நான் ஓடிப்போய் அவனைத் தூக்கி நிறுத்தி, கை கால் கழுவிவிட்டு, பாவாடை நுனியால் மூக்கைத் துடைத்தேன். நைனா வரார், இந்தத் தடவை ஒளிந்துகொள்ளக் கூடாது என்று சொன்னேன். அப்போது உள்ளே அம்மா அழ ஆரம்பித்தாள். அவள் அப்படி வாய்விட்டு அழுது நாங்கள் கேட்டதே இல்லை. தம்பி மிரண்டுபோய் என்னைப் பார்த்தான். பயப்படாதே, நைனா வரப்போகிறாரில்லையா, அந்தச் சந்தோஷத்தில் அழுகிறாள் என்று அவனிடம் சொன்னேன்.